டி.எல்.டி. ரிப்போர்ட்டில் எல்லாருக்கும் பூஜ்யம். சந்தோஷப்படலாமா?

#1 பொருநைக்கரை

வணக்கம். பாளை பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர். ஒரு டி.ஆர். (டிஜிட்டல்) எக்ஸ்ரே, ஒரு போர்ட்டபிள், ஒரு சி.டி. பக்கத்து எலும்பு ஆஸ்பத்திரி தியேட்டரில் சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டுகிற மெஷின்) ஓட்டவும் இங்கிருந்துதான் ஆள் போகுது. மொத்தம் ஆறு டெக்னீஷியன். ஆள் வாங்கின கதிர்வீச்சை, அதாவது டோஸை, அளக்க எல்லாருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் உண்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை லேபில் படித்து ரிப்போர்ட் வரும். கடைசி நாலு குவார்ட்டர் ரிப்போர்ட்டிலும் ஆறு பேருக்கும் 0.00 மில்லி சீவர்ட். நிர்வாகம் அதை ஃபைலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறது. சி-ஆர்முக்குப் போகிற ஆளுக்கும் பூஜ்யம் என்பதுதான் இடிக்குது. இப்படி வர வாய்ப்பு உண்டா? இல்லையென்றால் எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கணும்?

#2 பழைய டார்க்ரூம்

அண்ணாச்சி, ஆறு பூஜ்யத்தையும் ஒரே கூடையில் போடாதீங்க. எக்ஸ்ரே ரூமிலும் சி.டி. கன்சோலிலும் மட்டும் இருக்கிறவருக்குப் பூஜ்யம் வருவது இயல்பு. 1.5 மி.மீ. ஈயத்துக்குச் சமமான தடுப்புக்குப் பின்னால், எக்ஸ்ரே கிளம்புகிற ட்யூபிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றுதான் எக்ஸ்போஸ் பண்ணுகிறார். அவருக்கு என்ன வரப்போகுது?

சி-ஆர்ம் ஆளுக்குத் தோராயமாகக் கணக்குப் போடுங்க. ஸ்கிரீனிங்கில் (ஓடும் படமாகப் பார்க்கும்போது) நோயாளியின் தோலில் நிமிஷத்துக்கு 10 மில்லி கிரே விழுது என்று வைப்போம் (எக்ஸ்ரேக்கு ஒரு கிரேயை ஒரு சீவர்ட் என்றே தோராயமாக எடுத்துக்கலாம்). ஒரு மீட்டர் தள்ளி நிற்கிற ஆளுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஸ்கேட்டர் (நோயாளி உடம்பில் பட்டுச் சிதறுகிற கதிர்), அதாவது நிமிஷத்துக்கு 10 மைக்ரோ கிரே. கேஸுக்கு 2 நிமிஷம், நாளைக்கு 5 கேஸ் என்றால் 100. மூணு மாசத்தில் 75 வேலை நாள் என்றால் 7,500 மைக்ரோ, அதாவது 7.5 மில்லி. 0.5 மி.மீ. ஈய ஏப்ரன் அதில் 95 சதவீதத்தைப் பிடித்துவிட்டாலும் உள்ளே 0.3, 0.4 மில்லி சீவர்ட் வந்தாகணும். பேட்ஜில் தெரியக்கூடிய அளவுதான் இது. நாளைக்கு ஒரு கேஸ்தான் என்றால் பூஜ்யம் வரலாம். ஐந்து கேஸ் ஓடியும் நாலு குவார்ட்டராகப் பூஜ்யம் என்றால் பேட்ஜ் தியேட்டருக்கே போகவில்லை, அல்லது கண்ட்ரோல் பேட்ஜில் கோளாறு. பேட்ஜ் இருந்த இடத்தின் டோஸைத்தான் ரிப்போர்ட் சொல்லும். ஆள் எங்கே நின்றார் என்று அதற்குத் தெரியாது.

முதல் வேலையாக பேட்ஜ்கள் ராத்திரி எங்கே தூங்குது, பகலில் எங்கே இருக்குது என்று ஒரு வாரம் சும்மா கவனிங்க. யாரிடமும் கேட்க வேண்டாம். கேட்டால் எல்லாரும் "போட்டிருக்கேன்" என்றுதான் சொல்வாங்க.

#3 பொருநைக்கரை

கண்ட்ரோல் பேட்ஜில் என்ன கோளாறு வரும்? அது சி.ஆர். (எக்ஸ்ரே கேசட் படிக்கிற மெஷின்) ரூம் அலமாரியில்தான் கிடக்குது.

#4 பழைய டார்க்ரூம்

அந்த அலமாரி எக்ஸ்ரே ரூமை ஒட்டியா? அப்படியென்றால் பாதி விடை கிடைத்தாச்சு.

கண்ட்ரோல் பேட்ஜை யாரும் போடுவதில்லை. அந்த மூணு மாசத்தில் அந்தக் கட்டடத்தில் இயற்கையாகவும், தபாலில் போய்வந்த வழியிலும் எவ்வளவு ஏறியது என்று காட்டத்தான் அது. லேப் ஒவ்வொருவர் ரீடிங்கிலிருந்தும் அதைக் கழிக்கும். கண்ட்ரோலே எக்ஸ்ரே வாங்கியிருந்தால் கழிக்கிற எண் பெருத்துப்போகும், ஆறு பேரும் பூஜ்யம் ஆகிவிடுவாங்க. ரிசப்ஷன் பக்கம், எக்ஸ்ரே ரூமோடு பொதுச்சுவர் இல்லாத இடத்தில் தொங்கவிடுங்க.

#5 தேரிக்காடு

இதில் கடலோரத்து ஆட்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடல் மணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு. அந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சே மற்ற ஊர்களைவிடக் கூடுதல். அங்கே கிளை வைத்திருக்கிற சென்டர், கண்ட்ரோல் பேட்ஜை நெல்லை ஹெட் ஆபீஸில் மொத்தமாக வைத்துக்கொண்டால் கரையோரக் கிளை ஆட்களுக்கு இல்லாத டோஸ் ஏறும். ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கண்ட்ரோல் வேணும், அது அந்தக் கட்டடத்திலேயே இருக்கணும்.

#6 பழைய டார்க்ரூம்

நல்ல குறிப்பு. பேட்ஜைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் உள்ளே என்ன இருக்கு என்றே பார்த்ததில்லை.

நிக்கல் பூசிய அலுமினியத் தகட்டில் மூணு சின்ன வட்டு. டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட்டை டெஃப்லானில் சேர்த்துச் செய்தது. உறையில் ஒரு வட்டுக்கு மேல் செம்பும் அலுமினியமும் சேர்ந்த ஃபில்டர், இன்னொன்றுக்கு மேல் பிளாஸ்டிக், மூன்றாவது திறந்த ஜன்னல். நம்ம எக்ஸ்ரே மாதிரி குறைந்த எனர்ஜிக்கு இந்த உப்பு பல மடங்கு கூடுதலாகக் காட்டும். மூணு வட்டும் எந்த விகிதத்தில் காட்டுது என்று பார்த்துத்தான் லேப் அதைத் திருத்துது. அதனால் கார்டை உறையில் திருப்பிச் செருகினாலோ, ஜன்னலுக்கு மேல் செல்போனோ சில்லறையோ மறைத்தாலோ விகிதம் கெடும். சூடாக்கிப் படித்ததும் சேமிப்பு அழிந்துவிடும், இரண்டாம் முறை படிக்க ஒன்றும் மிஞ்சாது.

பேட்ஜை நெஞ்சு உயரத்தில், அதன் முன்பக்கம் வெளிப்பக்கம் பார்க்க, ஏப்ரனுக்கு உள்ளே மாட்டணும். ஏப்ரனைக் கழற்றும்போது பேட்ஜையும் அதோடு சேர்த்துக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டுகிற பழக்கம் வேண்டாம். அடுத்து அதே ஏப்ரனை வேறொருவர் போட்டுப் போனால் அவர் டோஸ் உங்க பெயரில். சட்டைப் பையோடு துவைக்கப் போடுவது, மே மாச வெயிலில் பைக் பெட்டிக்குள் விடுவது, இரண்டு சென்டரில் வேலை பார்க்கிறவர் ஒரு பேட்ஜை ஓரிடத்திலேயே விட்டுப்போவது, எல்லாமே கணக்கைக் கெடுக்கும். உங்களுக்கே எக்ஸ்ரே எடுக்கும்போது பேட்ஜைக் கழற்றி வைச்சிருங்க.

#7 ஜங்ஷன் பக்கி

எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏ.இ.ஆர்.பி.யின் வரம்பு அஞ்சு வருஷச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருஷமும் 30ஐத் தாண்டக்கூடாது. நம்ம ஆளுங்க யாருக்கும் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பின்னே என்னத்துக்கு இத்தனை ஆட்டம்? கருப்பட்டியும் வாழைப்பழமும் தின்னுட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே :)

#8 எலும்பு தியேட்டர்

கருப்பட்டி ருசிக்குச் சாப்பிடுங்க, உடன்குடியில் நல்லதாக் கிடைக்கும். டோஸ் அதில் இறங்காது. வாழைப்பழத்திலேயே பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொருள் கொஞ்சம் இருக்கு :)

பத்தில் ஒரு பங்கு என்று சொன்னது உடம்பு டோஸ். கண்ணை விட்டுட்டீங்க. ஏப்ரன் கண்ணை மூடாது. #2இல் போட்ட கணக்கையே எடுங்க: நாளைக்கு 100 மைக்ரோ, 300 நாள், 30 மில்லி. கண் லென்ஸுக்கான வரம்பு வருஷத்துக்கு 150ஆக இருந்ததை சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐ.சி.ஆர்.பி. 2011இல் 20ஆக இறக்கிப் பரிந்துரைத்தது. அதே ஆள் 2 மீட்டர் தள்ளி நின்றால் நாலில் ஒரு பங்கு, 7.5. ஒரு எட்டுப் பின்னால் வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

தியேட்டரில் பார்க்க வேண்டியது:

ட்யூப் கீழே, ரிசீவர் (படத்தை வாங்குகிற முனை) மேலே, ரிசீவர் நோயாளியை ஒட்டி. துணி இடிக்குது என்று ரிசீவரைத் தூக்கினால் மெஷின் தானாக டோஸை ஏற்றும். லேட்டரலில் (பக்கவாட்டுப் படத்தில்) ட்யூப் பக்கம் நிற்கக்கூடாது, ஸ்கேட்டர் எப்பவும் கதிர் நுழைகிற பக்கம்தான் கனமாகத் தெறிக்கும். ரிசீவர் பக்கம் போய் நில்லுங்க. தொடை எலும்புக்குள் கம்பி வைக்கிற நெய்ல் கேஸுக்கு லேட்டரல் பாதி நேரம் ஓடும், அதனால் கேஸ் ஆரம்பிக்கும் முன்பே கன்சோலை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று முடிவு பண்ணிடணும். நடுவில் இழுத்தால் ஸ்டெரைல் போயிடும் என்று சிஸ்டர் சத்தம் போடுவாங்க, அது நியாயமும்கூட.

கதிரைத் தொடர்ந்து ஓட்டுகிற கன்டினியூயஸ் வேண்டாம், விட்டுவிட்டு ஓட்டுகிற பல்ஸ் மோட். கடைசிப் படம் திரையில் நிற்கும்போது திரும்பப் பெடலை மிதிக்க வேண்டாம். மேக்னிஃபிகேஷன் போட்டால் டோஸ் ஏறும், ஸ்குரூ முனை பார்க்க மட்டும் போட்டு உடனே எடுங்க. கோலிமேட்டரை (கதிர் விழுகிற பரப்பைச் சுருக்குகிற அமைப்பு) தேவையான இடம் மட்டும் தெரிய மூடுங்க. டாக்டர் கை பீமுக்குள் தெரிந்தால் சொல்லிவிட்டு எக்ஸ்போஸ் பண்ணுங்க, சொல்ல நாக்கு கூசத்தான் செய்யும். 5 நிமிஷ பஸ்ஸர் அடித்தால் அனிச்சையாக ரீசெட் பண்ணாமல் எவ்வளவு ஆச்சு என்று வாய்விட்டுச் சொல்லுங்க. கேஸ் முடிந்ததும் மொத்த நேரமும் டி.ஏ.பி. எண்ணும் (டோஸைப் பரப்பால் பெருக்கினது) ரிஜிஸ்டரில். தைராய்டு காலர், ஈயக் கண்ணாடி இரண்டும் இங்கேதான் தேவை. எக்ஸ்ரே ரூமில் மாட்டிவைத்து அழகு பார்க்க இல்லை.

ஐ.சி.யூ. போர்ட்டபிளுக்கு வேறு கணக்கு. ஒரு செஸ்ட் படத்தில் நோயாளி தோலில் விழுவது 0.1, 0.2 மில்லி கிரே. 2 மீட்டர் தள்ளி நிற்கிற நர்ஸுக்கு 0.05 மைக்ரோ கிரே அளவு. இயற்கையில் ஒரு நாளைக்கே உலகச் சராசரியாக 6, 7 மைக்ரோ சீவர்ட் வாங்குகிறோம். "எக்ஸ்ரே" என்று கத்தியதும் வார்டே ஓடுறதைப் பார்க்கப் பாவமா இருக்கும். 2 மீட்டர் தள்ளி, பீம் நேர்க்கோட்டில் நிற்காமல் இருந்தால் போதும்.

#9 கன்சோல் அக்கா

ஜங்ஷன் தம்பிக்கு என் பதில் வேற. 20, 30 எல்லாம் நமக்கு உள்ள வரம்பு. பேஷண்டுக்கு வரம்பே கிடையாது. படம் தேவையா, தேவைக்கு எவ்வளவு குறைச்சலா எடுக்கலாம், இரண்டே கேள்விதான். உங்க பேட்ஜ் பூஜ்யமா இருக்கும்போதே பேஷண்ட் இரண்டு மடங்கு வாங்கிட்டுப் போகலாம்.

டி.ஆர். வந்த பிறகு அதுதான் நடக்குது. ஃபிலிம் காலத்தில் கூடப் போட்டால் படம் கறுத்துரும், கையோடு தெரிஞ்சுரும். டி.ஆரில் குறைத்துப் போட்டால் புள்ளி புள்ளியா நாய்ஸ், டாக்டர் திட்டுவாரு. கூடப் போட்டால் வழவழன்னு அழகான படம், யாரும் திட்ட மாட்டாங்க. அதனால் எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு, ட்யூப் கரெண்ட்டை நேரத்தால் பெருக்கினது) மாசா மாசம் மேலேதான் ஏறும்.

இதைப் பிடிக்கத்தான் படத்துக்குக் கீழே ஒரு எண் வருது. புது மெஷினில் டீவியேஷன் இண்டெக்ஸ் இருக்கும்: 0 என்றால் குறி வைச்ச சரியான அளவு, +1 என்றால் 26 சதவீதம் கூடுதல், +3 என்றால் இரண்டு மடங்கு, -1 என்றால் 20 சதவீதம் குறைச்சல். பழைய சி.ஆரில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபூஜியில் எஸ் எண் தலைகீழ், எண் ஏறினா டோஸ் குறைச்சல். கோடக் வழி வந்ததில் 300 ஏறினா இரண்டு மடங்கு. அக்ஃபாவில் 0.3 ஏறினா இரண்டு மடங்கு. ஃபூஜியில் பழகின ஆளு வேற சென்டருக்கு மாறினா முதல் வாரம் தலைகீழாத்தான் புரிஞ்சுக்குவாரு.

வாரத்துக்கு 20 செஸ்ட், 20 ஸ்பைன் எண்ணை ஒரு நோட்டில் எழுதினா போதும். எல்லாம் +2, +3இல் நின்னா எந்தப் படத்துக்கு எவ்வளவு போடணும்னு எழுதின சார்ட்டைத் திருத்தணும். ஒண்ணு கவனம்: கோலிமேட் பண்ணாம எடுத்த படத்திலும், சாஃப்ட்வேர் ஓரத்தைத் தப்பாப் பிடிச்ச படத்திலும் அந்த எண் பொய் சொல்லும்.

சார்ட்டைத் திருத்த வழி: கே.வி.யை (ட்யூப் வோல்டேஜ், கதிர் ஊடுருவும் பலம்) 15 சதவீதம் ஏற்றி எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியாக்குங்க. 60 கே.வி. 10 எம்.ஏ.எஸ். என்றால் 69க்கு 5. டிடெக்டருக்கு ஏறக்குறைய அதே அளவு போய்ச் சேரும், தோல் டோஸ் மூணில் ஒரு பங்கு குறையும். கான்ட்ராஸ்ட் கொஞ்சம் போகும், டி.ஆர். அதைச் சரிக்கட்டிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு கிரிட்டை (டிடெக்டருக்கு முன்னால் ஸ்கேட்டரைத் தடுக்கிற தகடு) கழற்றுங்க. கிரிட் போட்டா 3 முதல் 5 மடங்கு டோஸ் கூடக் கேக்கும்.

ரிபீட் தனி. ஒரு ரிபீட்னா அந்தப் பேஷண்டுக்கு இரண்டு மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. நம்ம ஊரில் செஸ்ட் ரிபீட்டுக்குப் பாதிக் காரணம் உடுப்பில் இருக்கு. தாலிச் சரடில் கோர்த்த சேஃப்டி பின். தோளுக்கு முன்னால் விழுந்த ஜடை, அது நுரையீரல் உச்சியில் நிழலா விழும். பூவில் குத்தின ஹேர்பின். ஆம்பிளைகளுக்குத் தாயத்து, அடிவயிற்றுப் படத்தில் அரைஞாண் வெள்ளி. வயசான ஆச்சிமாருக்குப் பாம்படம், கழுத்து லேட்டரலில் குறுக்கே நிற்கும். தாலியைக் கழற்றச் சொல்லாதீங்க, கழற்ற மாட்டாங்க, சண்டைதான் வரும். பின்னை மட்டும் எடுத்துட்டு சரடைத் தாடைக்கு மேலே தூக்கிப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. ஜடையைத் தூக்கிக் கொண்டையாக்கி ரப்பர் போடுங்க, ஒரு டப்பா ரப்பர் ரூமில் இருக்கட்டும்.

#10 தேரிக்காடு

கரெண்டையும் சேர்த்துக்கோங்க. கிராமத்து ஆஸ்பத்திரியில் பழைய போர்ட்டபிளை நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டு, ஏ.சி.யும் மோட்டாரும் ஓடும்போது எக்ஸ்போஸ் பண்ணினால் லைனில் வோல்டேஜ் விழும், கே.வி. குறையும், படம் தேறாது. ஆள் எம்.ஏ.எஸ். ஏற்றி ரிபீட் எடுப்பார், கோளாறு ப்ளக்கில் இருக்கும்.

#11 ஜங்ஷன் பக்கி

சரி, ஒத்துக்கிடுதேன். அப்போ இனப்பெருக்க உறுப்பை மறைக்கிற கோனட் ஷீல்டு? பிள்ளைகளுக்கு இடுப்பில் ஈயத்துண்டு வைக்காம எடுத்தா அம்மாமார் சும்மா விட மாட்டாங்க.

#12 பழைய டார்க்ரூம்

அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமான ஏ.ஏ.பி.எம். 2019இலேயே அதை வழக்கமாக வைப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. செஸ்ட் படத்தில் இடுப்புக்குப் போவது பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே சிதறிப் போவது, வெளியே வைக்கிற ஈயம் அதைத் தடுக்காது. இடுப்புப் படத்தில் வைத்தால் பார்க்க வேண்டிய எலும்பை மறைத்து ரிபீட் ஆகும். போதுமான டோஸ் வந்ததும் தானாக நிறுத்துகிற ஏ.இ.சி. சேம்பருக்கு மேல் விழுந்தால் மெஷின் இன்னும் டோஸ் பத்தலை என்று அடித்துத் தள்ளும்.

#13 எலும்பு தியேட்டர்

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. புத்தகப்படி சரி. ஆனால் ஈயத்துண்டை எடுத்துவிட்டால் கோலிமேட்டரையும் மறந்துவிடுகிற ஆட்கள் உண்டு. கோலிமேட்டர் மூடுகிற பழக்கம் ஊறின இடத்தில் மட்டும் ஷீல்டை எடுங்க.

#14 பழைய டார்க்ரூம்

அப்போ முதலில் கோலிமேட்டர் லைட்டும் கதிரும் ஒரே இடத்தில் விழுதா என்று பாருங்க. ஒரு ரூபாய் நாணயம் ஒன்பது போதும்.

100 செ.மீ. தூரம், டேபிள் மேல் டிடெக்டர். லைட்டை 20க்கு 20 செ.மீ.க்குத் திறங்க. நாலு ஓரத்தின் நடுவிலும் இரண்டிரண்டு நாணயம், ஒன்று லைட்டுக்கு உள்ளே, ஒன்று வெளியே, இரண்டும் தொடுகிற புள்ளி சரியாக லைட் ஓரத்தில். ஒன்பதாவதை உள்ளே ஒரு மூலையில் வையுங்க, எந்தப் பக்கம் எது என்று படத்தில் தெரிய. 50 கே.வி., 2 எம்.ஏ.எஸ். உள் நாணயங்கள் முழுசாகத் தெரிந்து, வெளி நாணயங்கள் தெரியாமல் இருக்கணும். வெளி நாணயம் தெரிந்தால் அந்தப் பக்கம் கதிர் லைட்டைத் தாண்டுது. நாணயத்தின் விட்டத்தை அளந்து வைத்துக்கொண்டால் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். எதிரெதிர் ஓரம் இரண்டின் விலகலைக் கூட்டினால் தூரத்தில் 2 சதவீதம், அதாவது இங்கே 2 செ.மீ. தாண்டக்கூடாது. தாண்டினால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடணும், பெரும்பாலும் பல்பு மாற்றின பிறகு கண்ணாடி சாய்ந்திருக்கும்.

டி.ஆரில் ஒரு பொறி: சாஃப்ட்வேர் ஓரத்தைத் தானாக வெட்டிக் கறுப்பு அடித்துவிடும். வெட்டை நீக்கிவிட்டுப் பாருங்க. இல்லையென்றால் எல்லாம் சரி என்றுதான் தெரியும்.

ஏப்ரன் சோதனையும் இதே மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை. டேபிளில் விரித்து நாலு பகுதியாக எடுங்க, 70 கே.வி. மேனுவலில். ஏ.இ.சி.யில் வைத்தால் ஈயத்தைக் கண்டு ட்யூப் உச்சத்துக்கு ஓடும், சி-ஆர்மில் ஆட்டோ வைத்தாலும் அதே கதை. விரிசல் விழும் இடம் இடுப்பு மடிப்பும் தோள் தையலும். மடித்து நாற்காலியில் போட்டதன் வினை. தடித்த கம்பியில் தொங்கவிடுங்க, ஒவ்வொன்றுக்கும் பெயிண்டில் நம்பர் போடுங்க, நம்பர் இல்லாமல் எந்த ஏப்ரன் பாஸ் ஆச்சு என்று அடுத்த வருஷம் யாருக்கும் தெரியாது.

#15 கன்சோல் அக்கா

சி.டி. பற்றி யாரும் பேசலையே. மொத்த டோஸில் பெரிய பங்கு அங்கேதான்.

ஸ்கேன் முடிந்ததும் வருகிற டோஸ் பக்கத்தில் டி.எல்.பி. எண்ணை (டோஸை ஸ்கேன் நீளத்தால் பெருக்கினது) பாருங்க. பெரியவங்களுக்குத் தலைக்கு 0.0021, நெஞ்சுக்கு 0.014, வயிறு இடுப்புக்கு 0.015ஆல் பெருக்கினா தோராய மில்லி சீவர்ட். வயிறு 600 என்றால் 9. செஸ்ட் எக்ஸ்ரே 0.02தான், அப்போ 450 செஸ்ட் எக்ஸ்ரேக்குச் சமம். ஒரு வயசுப் பிள்ளை தலைக்கு 0.0067, பெரியவங்களைவிட மூணு மடங்குக்கு மேல்.

கை வைக்க வேண்டிய முதல் இடம் சென்டரிங். ட்யூப் கீழே இருக்கிற ஸ்கவுட்டில் (ஸ்கேனுக்கு முன்னால் எடுக்கிற வழிகாட்டிப் படம்) டேபிள் தாழ்ந்து கிடந்தா பேஷண்ட் ட்யூபுக்குப் பக்கம், படம் பெருசாத் தெரியும், மெஷின் குண்டு ஆளுன்னு நினைச்சு எம்.ஏ.வை (ட்யூப் கரெண்ட்டை) ஏற்றும். டேபிள் மேலே போனா எதிர்மாறு, நாய்ஸ் வரும். லேசர் கோடு விலாவின் நடுவில் விழுதான்னு ஒரு தடவை பக்கவாட்டில் குனிஞ்சு பாருங்க. அடுத்தது நீளம். கல்லுக்குப் பார்க்கிற கே.யூ.பி.க்கு (சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை பார்க்கிற ஸ்கேன்) கிட்னி உச்சியிலிருந்து பியூபிஸ் (இடுப்பின் முன் எலும்பு) வரை போதும், கல்லீரல் தலையிலிருந்து தொடங்காதீங்க. மூணாவது ஃபேஸ், அதாவது மருந்து ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை தடவை ஸ்கேன் ஓட்டுறோம் என்பது. பிளெய்ன், ஆர்ட்டீரியல், வீனஸ், டிலேன்னு நாலு ஓட்டினா நாலு மடங்கு. கேஸுக்கு எது வேணும்னு ரேடியாலஜிஸ்டிடம் முன்னாடியே கேளுங்க. ஒல்லியான ஆளுக்கு 120ஐ 100 கே.வி. ஆக்கினா மூணில் ஒரு பங்கு குறையும்.

கர்ப்பம் கேக்குறதும் நம்ம வேலைதான். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, கல்யாணம் ஆகாத பிள்ளையிடம் அம்மா முன்னால், "மாசமா இருக்கியளா"ன்னு கேட்டா "இல்லை"ன்னுதான் வரும். உள்ளே தனியாக் கூப்பிட்டு, "கடைசியாத் தலைக்குக் குளிச்சது என்னைக்கு" என்று தேதி கேளுங்க. தேதியை ரிக்வெஸ்ட் ஃபாரத்தில் எழுதுங்க. தெரியாம எடுத்துட்டா பயமுறுத்தாதீங்க, 100 மில்லி கிரேக்குக் கீழே அதை வைச்சுக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்பது ஐ.சி.ஆர்.பி. நிலைப்பாடு. டோஸ் விவரத்தோடு டாக்டரிடம் அனுப்புங்க.

நம்மில் ஒருத்தி மாசமானா சீக்கிரமே எழுத்தில் சொல்லிடணும். சொன்ன பிறகு கருவுக்கு 1 மில்லி சீவர்ட்தான் வரம்பு. வேலையை விட வேண்டாம், சி-ஆர்ம் வேற ஆளுக்கு மாறட்டும், கன்சோல் ட்யூட்டி பார்க்கலாம். படம் எடுக்கும்போது பிள்ளையை அசையாமப் பிடிக்க எந்த டெக்னீஷியனும் போகவே கூடாது, மாசமா இல்லாத உறவுக்காரருக்கு ஏப்ரன் கொடுத்துப் பிடிக்கச் சொல்லணும்.

#16 பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. கண்ட்ரோல் பேட்ஜை நாளைக்கே மாற்றிடுதோம். சி-ஆர்ம் ஆள் பேட்ஜ்? அவர் நேரா தியேட்டருக்கே போயிடுவார், சென்டருக்கு வருவதே இல்லை.

#17 பழைய டார்க்ரூம்

அப்போ அவர் பேட்ஜ் வருஷம் முழுக்க உங்க போர்டிலேயே தொங்குது, பூஜ்யத்துக்குக் காரணம் அதுதான். தியேட்டர் உடை மாற்றும் அறையில் அவர் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு கொக்கி அடிங்க. ஏப்ரன் ஸ்டாண்டில் வேண்டாம், அது தியேட்டருக்குள் இருக்கும். இந்தக் குவார்ட்டர் எப்போ முடியுது என்று பாருங்க, பாதியில் மாற்றினால் தேதியை ரிஜிஸ்டரில் குறித்துவிடுங்க. அடுத்த ரிப்போர்ட்டில் அவருக்கு 0.3 வந்தால் நிர்வாகம் பதறும், #2ஐப் பிரிண்ட் எடுத்துக் காட்டுங்க.